பேட்ச் வந்த பிறகும் மூடப்படாத ஓட்டை

விண்டோஸ் இயங்குதளத்தின் வலைப்பின்னல் டிரைவர்களுள் ஒன்றான ஏஎஃப்டி.சிஸ் என்னும் கோப்பில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2024 ஆகஸ்ட் 13 அன்று வெளியிட்டது. சிவிஇ-2024-38193 என்ற எண்ணில் பதிவாகியுள்ள அந்த ஓட்டையை, வட கொரிய அரசின் ஆதரவில் இயங்குவதாக அமெரிக்க அரசு குற்றம்சாட்டியுள்ள லாசரஸ் குழு முன்பே பயன்படுத்திக்கொண்டிருந்ததை ஜென் டிஜிட்டல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அவ்வாண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் கண்டுபிடித்தனர். கணினித் துறையினர் மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோன இச்செய்தி நாங்குநேரி வட்டாரத்துக்கு நேரடியாகவே உரியது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் அலுவலகக் கணினியில் நுழைந்த டிட்ராக் என்னும் தீநிரலையும் கேஸ்பர்ஸ்கை நிறுவனம் இதே குழுவோடுதான் தொடர்புபடுத்தியது.

நாங்குநேரியை வானம் பார்த்த பூமி என்றும், திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே பேருந்து நின்று செல்லும் ஊர் என்றும் மட்டும் அறிந்தவர்களுக்கு, அதைச் சுற்றி நாட்டின் பாதுகாப்போடு தொடர்புடைய நிறுவனங்கள் எவ்வளவு நெருக்கமாக அமைந்துள்ளன என்பது வியப்பாக இருக்கலாம். கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு மிகக் குறைந்த அதிர்வெண் அலைகள் வழியே செய்தி அனுப்பும் ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படைத் தளம் 1990 முதல் இதே வட்டத்தின் விஜயநாராயணத்தில் இயங்கி வருகிறது. இஸ்ரோவின் ராக்கெட் எந்திரங்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி மையம் தெற்கே மலையடிவாரத்தில் உள்ளது. ஆயிரம் மெகாவாட் திறன் கொண்ட இரண்டு அணு உலைகள் இயங்கும் கூடங்குளம், நேர்க்கோட்டில் அளந்தால் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பி நிறுவப்பட்ட காற்றாலைகள் இவற்றுக்கிடையே பரந்து நிற்கின்றன. இத்தகைய நிறுவனங்கள் அனைத்திலும் சம்பளப் பட்டியல் போடவும், ஒப்பந்தப்புள்ளி கோரவும், கடிதம் எழுதவும் சாதாரண மேசைக் கணினிகள் தேவைப்படுகின்றன. வெளியிலிருந்து வருபவன் முதலில் தேடுவதும் அத்தகைய கணினிகளைத்தான்.

டிரைவர் என்பது, கணினியின் ஒரு பகுதிக்கும் அதைப் பயன்படுத்த விரும்பும் மென்பொருளுக்கும் இடையில் நின்று வேலையைக் கைமாற்றிக் கொடுக்கும் நிரல். பெரும்பாலான டிரைவர்கள் கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் உட்கருவுக்குள்ளேயே இயங்குகின்றன. நினைவகம், வட்டு, பிற நிரல்கள் என எதையும் தடையின்றித் தொடும் அதிகாரம் கெர்னலுக்கு உண்டு; பயனர் திறந்து வைத்திருக்கும் உலாவிக்கோ சொற்செயலிக்கோ அந்த அதிகாரம் இல்லை. விண்டோஸ் கணினியில் ஒரு மென்பொருள் இணையத்தோடு பேச விரும்பினால், அது வின்சாக் என்னும் பொது இடைமுகத்தை அணுகும். அந்த வேண்டுகோளைக் கெர்னலுக்குள் வாங்கிக்கொள்வது ஏஎஃப்டி.சிஸ். ஒரு குறிப்பிட்ட வலை அட்டையோடு வரும் டிரைவராக இருந்தால் அந்த அட்டை இல்லாதவர்கள் கவலையின்றி இருக்கலாம். இதுவோ விண்டோஸோடு சேர்ந்தே வருவது; வட்டாட்சியர் அலுவலகத்துக் கணினியிலும் இருக்கும், அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கணினியிலும் இருக்கும்.

அதிவேகமாகத் தரவு அனுப்ப வேண்டிய மென்பொருள்களுக்காக, விண்டோஸ் 8 காலத்தில், பதிவு செய்யப்பட்ட உள்ளீடு-வெளியீடு என்னும் வசதி ஏஎஃப்டியில் சேர்க்கப்பட்டது. மென்பொருள் தனக்கென ஒரு நினைவகப் பகுதியை முன்கூட்டியே கெர்னலிடம் பதிந்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு செயலிழை அந்தப் பதிவை நீக்கி நினைவகத்தை விடுவிக்கும் அதே கணத்தில் மற்றொரு செயலிழை அதே பகுதியைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ள இடமிருந்ததே இங்கு நேர்ந்த பிழை. விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் தாக்குபவர் தனக்கு வேண்டிய தரவை நிரப்பிவிட்டால், கெர்னல் அதைத் தன்னுடையது என்றே நம்பிச் செயல்படும்; முடிவில், எவ்வித அதிகாரமும் இல்லாத பயனர் கணக்கில் நுழைந்த நிரல் கணினியின் முழு அதிகாரத்தையும் பெற்றுவிடும். லாசரஸ் குழு அவ்வாறு பெற்ற அதிகாரத்தைக் கொண்டு ஃபட்மாட்யூல் என்னும் மறைப்புக் கருவியைக் கெர்னலுக்குள் இறக்கியது. கணினியைக் காக்க நிறுவப்பட்ட பாதுகாப்பு மென்பொருளின் கண்ணைக் கட்டுவதே அக்கருவியின் வேலை.

இங்கே ஓர் அளவுகோலைக் குறித்து எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஓட்டைகளின் கடுமையைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிடும் பொது முறையில் இந்த ஏஎஃப்டி ஓட்டைக்குக் கிடைத்தது 7.8 மட்டுமே, ஏனெனில் தொலைவிலிருந்து நேரடியாக இதன் வழியே நுழைய முடியாது. ஏற்கெனவே உள்ளே கால் வைத்தவருக்குத்தான் இது பயன்படும். அதே ஆகஸ்ட் 13 அன்று பேட்ச் வெளியான மற்றொரு வலைப்பின்னல் ஓட்டை, டிசிபிஐபி.சிஸ் என்னும் டிரைவர் ஐபிவி6 பொதிகளைக் கையாளும் இடத்தில் இருந்தது. பயனர் எதையும் சொடுக்காமலேயே தொலைவிலிருந்து தாக்க இடங்கொடுத்த அதற்கு 9.8 வழங்கப்பட்டது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வேலையை வரிசைப்படுத்தும் அலுவலகம் 9.8-ஐ முதலில் கவனித்து 7.8-ஐ அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருக்கும். ஆனால் இவ்விரண்டில், உண்மையான தாக்குதலில் பயன்பட்டதாக அந்த நாளில் மைக்ரோசாஃப்ட் குறித்திருந்தது 7.8-ஐத்தான். வேலைவாய்ப்பு அறிவிப்பு போலத் தோன்றும் ஒரு கோப்பை ஊழியர் ஒருவரைத் திறக்க வைத்து உள்ளே நுழைவது லாசரஸ் குழு பல ஆண்டுகளாகக் கையாளும் முறை. கால் வைக்க அது போதும். அதன் பிறகு முழு வீட்டையும் கைப்பற்ற உதவுவது உள்ளூர் ஓட்டை என்று குறைத்து மதிப்பிடப்படும் இத்தகையவைதான்.

கூடங்குளத்தில் நடந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்கையில், இரண்டும் ஒரே ஓட்டை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பொருந்தி வருவது தாக்குபவர் தேர்ந்தெடுக்கும் கணினியின் வகை. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2019 செப்டம்பர் 4 அன்று இந்திய அணுமின் கழகத்துக்குத் தீநிரல் குறித்துத் தெரிவித்தது. அக்டோபர் இறுதியில் பொதுவெளிக்கு வந்த தீநிரல் மாதிரியைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், அதற்குள் நிலையத்தின் உள்வலை முகவரியும் நிர்வாகக் கணக்கின் பெயரும் எழுதப்பட்டிருந்ததைக் கண்டனர். கண்ணில் பட்ட கணினியில் எல்லாம் தொற்றும் வகையைச் சேர்ந்த நிரல் அன்று அது. முன்னரே வேவு பார்த்து, இந்த இடத்துக்கென்றே தைக்கப்பட்டது. விசைப்பலகையில் தட்டப்படும் எழுத்துகள், உலாவியின் வரலாறு, இயங்கும் நிரல்கள், வட்டுகளில் உள்ள கோப்புகளின் பட்டியல் ஆகியவற்றைத் திரட்டுவது டிட்ராக்கின் இயல்பு. இந்திய வங்கிகளின் ஏடிஎம் எந்திரங்களிலிருந்து அட்டை விவரங்களைத் திருடிய ஒரு நிரலைத் தேடிப் போனபோதுதான் கேஸ்பர்ஸ்கை ஆய்வாளர்கள் இந்தக் குடும்பத்தைக் கண்டறிந்து 2019 செப்டம்பரில் அறிவித்திருந்தனர்.

அக்டோபர் 29 அன்று நிலையம் வெளியிட்ட விளக்கம், கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி வலைப்பின்னலோடு இணைக்கப்படாதவை, ஆகவே இணையத் தாக்குதலுக்கே இடமில்லை என்றது. மறுநாளே அணுமின் கழகம், தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்றும், நிர்வாகப் பணிக்கான இணைய வலைப்பின்னலில் இருந்த ஒரு பயனரின் கணினியே பாதிக்கப்பட்டது என்றும், அந்த வலைப்பின்னல் முக்கிய உள்வலையிலிருந்து பிரிக்கப்பட்டது என்றும், நிலையத்தின் அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை என்றும் ஒப்புக்கொண்டது. கட்டுப்பாட்டு வலையைப் பிரித்து வைத்தது சரியான பொறியியல். அதில் குறைகாண இடமில்லை. குறை, முதல் நாள் விளக்கம் கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொன்னதில் இருக்கிறது. 2011 முதல் இடிந்தகரையில் இந்நிலையத்தை எதிர்த்துத் தொடர்ந்து போராடிய மக்களுக்கு, அணு உலை பாதுகாப்பானது என்ற உறுதிமொழியைக் காட்டிலும், ஏதேனும் நேர்ந்தால் உள்ளபடி சொல்லப்படும் என்ற நம்பிக்கையே அதிகம் தேவைப்பட்டது. அந்த நம்பிக்கை ஒரே நாள் இடைவெளியில் மறுப்பாகவும் ஒப்புதலாகவும் மாறிய அறிக்கைகளால் தேய்ந்தது.

பிரித்து வைத்தல் ஒன்றே போதும் என்பதை உலக அனுபவம் மறுக்கிறது. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், வெளி இணைப்பு இல்லாத ஈரானின் நத்தான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்துக்குள் யுஎஸ்பி வழியே போய்ச் சேர்ந்தது. ஒட்டுக்கேட்பதோடு நிற்பவருக்கோ கட்டுப்பாட்டு வலை தேவையே இல்லை. ஒப்பந்ததாரர் யார், பராமரிப்புக்கு எப்போது யார் வருவார்கள், எந்தப் பொறியாளர் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பவை நிர்வாகக் கணினியிலேயே கிடைக்கும். காற்றாலைகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த அதே காலையில், வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் மோடம்கள் இணையத் தாக்குதலில் அழிக்கப்பட்டபோது ஜெர்மனியின் எனர்கான் நிறுவனம் அமைத்த ஏறத்தாழ 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பு அறுந்துபோனது. ஆலைகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் அவற்றைக் கவனிக்க வேண்டியவர்களால் கவனிக்க முடியவில்லை.

பேட்ச் என்பது பிழையுள்ள கோப்புக்குப் பதிலாகத் திருத்திய கோப்பை வைக்கும் மென்பொருள் ஒட்டு. மைக்ரோசாஃப்ட் 2003 முதல் ஒவ்வொரு மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று இவற்றைத் தொகுத்து வெளியிடுகிறது. அமெரிக்கக் கோடை மாதங்களில் அவை வெளியாகும் நேரம் இந்தியாவில் இரவு பத்தரை மணி. ஆகவே 2024 ஆகஸ்ட் பேட்ச் நம் அலுவலகங்களுக்கு உண்மையில் ஆகஸ்ட் 14, புதன்கிழமை வந்தது. மறுநாள் சுதந்திர தின விடுமுறை. பேட்ச் வெளியான நொடியிலிருந்தே மறுபக்கத்திலும் வேலை தொடங்கிவிடுகிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், எந்த இடம் மாற்றப்பட்டது, அங்கே என்ன பிழை இருந்தது என்பதை அனுபவமுள்ளவர் கண்டுகொள்வார். ஏஎஃப்டி ஓட்டையைச் சுரண்டும் வழியைப் படிப்படியாக விளக்கும் ஆய்வு அவ்வாண்டு டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. ஒரு வல்லரசின் உளவுக்கருவியாக இருந்த ஓட்டை, சில மாதங்களில் படித்துப் பார்க்கும் எவருக்கும் கைவரும் ஓட்டையாகிறது. பேட்ச் பொருத்தாத கணினிக்கு, பேட்ச் வெளியாவதற்கு முந்தைய நாளைவிடப் பிந்தைய நாளே ஆபத்தானது என்பது இத்துறையின் கசப்பான உண்மை.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. விண்டோஸின் கோப்புப் பகிர்வு டிரைவரான எஸ்ஆர்வி.சிஸ்-இல் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 14 அன்று பேட்ச் வெளிவந்தது. அந்த ஓட்டையைப் பயன்படுத்திய வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் பரவத் தொடங்கியது மே 12 அன்று. இடையில் கிடைத்த ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பேட்சைப் பொருத்தாத இடங்களுள் பிரிட்டன் மருத்துவமனைகள் பல இருந்தன; கேரளத்தின் ஊராட்சி அலுவலகங்களும் ஆந்திரக் காவல் துறைக் கணினிகளும் பாதிக்கப்பட்டன; சென்னைக்கு அருகே ஒரகடத்திலுள்ள ரெனோ-நிசான் ஆலையின் உற்பத்தியும் தடைபட்டது. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் என்னும் வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் பணயத் தீநிரலால் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப்பரிமாற்றம் துண்டிக்கப்பட்டபோதும் கதை மாறவில்லை: அதனோடு இணைந்து பணியாற்றிய நிறுவனத்தின் ஜென்கின்ஸ் சர்வரில் இருந்த ஓட்டை வழியே தாக்குதல் தொடங்கியதாக கிளவுட்செக் ஆய்வு கூறியது, அந்த ஓட்டைக்கான பேட்ச் அவ்வாண்டு ஜனவரியிலேயே வெளியாகியிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் அலுவலகங்கள் ஏன் பேட்ச் பொருத்தத் தயங்குகின்றன என்பதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. பத்திரப்பதிவுக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் முன் கணினியை மறுதொடக்கம் செய்ய எந்த எழுத்தருக்கும் மனம் வராது. அப்டேட் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனால் கணினி திறக்காமலே போகும் என்ற அச்சமும் அடிப்படை இல்லாதது அன்று. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட், கெர்னலுக்குள் இயங்கிய அதன் டிரைவரை நிலைகுலையச் செய்து, மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியதும், இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்ததும் அனைவரும் கண்டவை. அதற்குப் பிறகு நான்கு வாரம்கூட ஆகாத நிலையில்தான் ஏஎஃப்டி பேட்ச் வந்தது. முதலில் சில கணினிகளில் பொருத்திப் பார்த்து, ஓரிரு நாள் கவனித்து, பின்னர் மற்றவற்றுக்கு விரிவாக்குவதே இந்த அச்சத்துக்கான விடை. அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். நம் அலுவலகங்களில் பெரும்பாலும் இல்லாதது அந்த எழுத்துதான்.

தாமிரபரணிப் பாசனத்திலும் அதற்கு வெளியே உள்ள மானாவாரிப் பகுதியிலும் குளங்களைக் காத்த குடிமராமத்து என்னும் ஊர்ப் பராமரிப்பு முறையும், பொறுப்பு யாருடையது என்ற தெளிவு போனதால்தான் சிதைந்தது. கரையையும் மடையையும் பேணுவது யார் பொறுப்பு என்பது ஊருக்குள் தெளிவாக இருந்த காலத்தில் குளம் நின்றது. பெரிய பழுது அரசுக்கு, சிறிய பழுது குடிகளுக்கு என்று ஆங்கிலேய ஆட்சி பிரித்து, 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமும் இயற்றிய பிறகு, சிறிய பழுதை யாரும் பார்க்காமல் அது பெரிய பழுதாகும் வரை விடுவதே நடைமுறையானது. அலுவலகக் கணினியின் நிலையும் இன்று அதுதான்: மாநிலத் தலைமையகத்தின் சர்வரை வல்லுநர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், வட்ட அலுவலகத்தின் கடைசி மேசையில் உள்ள கணினியைப் பழுது வந்தால் மட்டும் ஒருவர் வந்து பார்க்கிறார்.

அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமை, உண்மையில் சுரண்டப்படும் ஓட்டைகளுக்கெனத் தனிப் பட்டியல் ஒன்றை 2021 நவம்பர் முதல் பராமரிக்கிறது. அதில் இடம்பெறும் ஓட்டையைக் குறித்த நாளுக்குள் அடைப்பது கூட்டாட்சித் துறைகளின் கடமை. ஏஎஃப்டி ஓட்டை வெளியான அன்றே பட்டியலில் ஏறியது, கெடு செப்டம்பர் 3. இந்தியாவில் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, பாதுகாப்பு மீறல் நேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது, 180 நாள்களுக்குப் பதிவுகளைச் சேமிக்கச் சொல்கிறது. பேட்ச் பொருத்துவதற்கான கெடு அந்த ஆணையில் இல்லை. தீப்பிடித்தால் உடனே சொல் என்பது சட்டமாகியிருக்கிறது; அடுப்பை அணைத்துவிட்டுப் போ என்பது அறிவுரையாகவே நிற்கிறது. தமிழ்நாடு அரசு 2020-இல் வெளியிட்ட இணையப் பாதுகாப்புக் கொள்கை மாநிலத்துக்கெனத் தனி அவசரநிலைக் குழுவை அமைக்க வழிசெய்தது. அக்குழுவின் வேலை தலைமைச் செயலகத்தோடு நின்றுவிடாமல் வட்டம் வரை இறங்க வேண்டும்.

இறங்காவிட்டால் அடுத்து என்ன நேரும் என்பதைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கொண்டு கணிக்கலாம். நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. நகைக்கடனும் பயிர்க்கடனும் பெறும் விவசாயியின் கணக்கு இப்போது கணினிக்குள் இருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம் அது. ஆனால் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் முடிந்துவிட்டன. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது. ஏஎஃப்டி டிரைவரிலோ 2025 பிப்ரவரியிலும் மே மாதத்திலும், தாக்குதலில் பயன்பட்டுக்கொண்டிருந்த புதிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டன. அதே டிரைவரில் அடுத்த ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போது, ஆதரவு முடிந்த கணினிகளுக்குக் கட்டணம் செலுத்தி நீட்டிப்புப் பெற்றிருந்தாலன்றிப் பேட்சே வராது. லினக்ஸுக்கு மாறுவது செலவைக் குறைக்கும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இதற்கென்றே இருக்கிறது. ஆயினும் பேட்ச் பொருத்தும் ஆளின் தேவையை அது நீக்காது. லினக்ஸ் கெர்னலின் வலைப்பின்னல் வடிகட்டிப் பகுதியிலும் 2024-இல் இதே வகை ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. கணினி வாங்க ஒதுக்கப்படும் தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கும் மாற்றீட்டுக்கும் எனத் தொடக்கத்திலேயே பிரித்து வைக்காத திட்டம், ஐந்தாறு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான திறந்த கதவுகளைத்தான் விட்டுச்செல்லும்.

கூடங்குளத்தில் 3 முதல் 6 வரையிலான அலகுகளின் கட்டுமானம் நடந்துவரும் காலம் இது. இந்தியாவிலும் ரஷ்யாவிலும் உள்ள பல ஒப்பந்ததாரர்களின் கணினிகள் நிலையத்தின் நிர்வாகத்தோடு கடிதமும் வரைபடமும் பரிமாறுகின்றன. இந்தக் கணினிகளில் எத்தனை விழுக்காடு, சுரண்டப்படுவதாக அறியப்பட்ட ஓட்டைகளுக்கான பேட்சை 21 நாளுக்குள் பொருத்தியிருக்கின்றன என்ற ஒற்றை எண்ணை ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுவதால் எந்த ரகசியமும் கசியாது. எந்த மென்பொருள், எந்த முகவரி, எந்த அறை என்று எதையும் அது சொல்வதில்லை. ஒப்பந்ததாரர்களுக்கும் அதே கெடுவை ஒப்பந்த விதியாக எழுதலாம். திருநெல்வேலியின் மக்களவை உறுப்பினர் இந்த எண்ணைக் கேட்டு நாடாளுமன்றத்தில் எழுத்துமூலக் கேள்வி எழுப்பலாம்; நாங்குநேரி, ராதாபுரம் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்கள் தம் வட்டங்களில் உள்ள வருவாய், பதிவு, மருத்துவம், கூட்டுறவுத் துறை அலுவலகங்களுக்கு அதே எண்ணை மாநில அரசிடம் கேட்கலாம். முதல் ஆண்டில் வரும் எண் மிகத் தாழ்ந்ததாக இருக்கலாம். அதை வெளியிடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டில் அது எவ்வளவு உயர்ந்தது என்பதை அளக்க அந்த முதல் எண் தேவை.